ஒருநாள் கப்பல் நிற்கட்டும்

பண்டாரவளையில் சில ஆசிரியர்கள் சேர்ந்து கூட்டாக ஓர் அறிவியல் புனைகதை எழுதப் போகிறார்களாம். இதில் எனக்கு முன் அனுபவம் உண்டென்று யாரோ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். குழுவில் சேருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு விதி எழுதித் தாருங்கள் டீச்சர் என்று கேட்டார்கள். தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் விதி வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. அதனால் விதிகளை நம்பி நானும் என் சிநேகிதியும் பட்ட பாட்டை எழுதுகிறேன். அவர்களுக்கு இது உதவுமா என்று தெரியாது. உதவாவிட்டாலும் பரவாயில்லை.

நான் பதுளைக்கு வெளியே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் பிறந்தவள்தான் என் சிநேகிதி. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒரே குடைக்குள் நனைந்தோம். வகுப்பில் கட்டுரை என்றால் அவளுடையதைத்தான் வாசித்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் பொறாமை உண்டு. நான் மேலே படித்து டீச்சரானேன். அவள் சாதாரண தரப் பரீட்சையோடு நின்று, அதே தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர்.

அப்போது நான் சேர்ந்த கதைக் குழு கொழும்பிலிருந்து நடந்தது. வாட்ஸ்அப் குழுதான். ஒருங்கிணைப்பாளர் ஒரு கம்பனியில் பெரிய வேலையில் இருக்கிறவர், நன்றாகப் பேசுவார், எல்லோரையும் 'உறவுகளே' என்று கூப்பிடுவார். சேர்ந்த அன்றே விதிகளை அனுப்பிவைத்தார். ஒருவர் எழுதி முடித்த பிறகே அடுத்தவர் எழுத வேண்டும். முன்னவர் எழுதியதை அழிக்கக்கூடாது, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்தமாகப் பாத்திரங்கள் உண்டு, சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அவருடைய பாத்திரத்தை யாரும் கொல்லக்கூடாது. பெரிய திருப்பம் எதையாவது வைப்பதென்றால் முன்கூட்டியே குழுவில் சொல்லிவிட வேண்டும். சாமி, பேய், மந்திரம் கூடாது, விஞ்ஞானம் எங்கும் இடிக்கக்கூடாது. இப்படி இன்னும் நீளமாகப் போனது.

எனக்கு அந்த விதிகள் பிடித்துப்போயின, அதை மறைப்பானேன். நான் வளர்ந்த இடத்தில் விதி என்றால் மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்குச் சொல்வது. இங்கே எல்லோருக்கும் ஒரே விதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போதாததற்கு, விஞ்ஞானம் தெரிந்தவள் என்று கதையின் அறிவியல் சரிபார்ப்பையும் என் தலையில் கட்டினார்கள். அறிவியல் விஷயத்தில் டீச்சர் சொல்வதே முடிவு என்று அதையும் ஒரு விதியாகச் சேர்த்தார்கள். கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

கதை இதுதான். பூமி வாழ முடியாமல் போகிறது. மிச்சமிருக்கும் மனிதர்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறி வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். போய்ச்சேர மூன்று, நான்கு தலைமுறையாகும். முதல் அத்தியாயத்தை ஒருங்கிணைப்பாளரே எழுதினார். கப்பலின் கேப்டன் அவருடைய பாத்திரம். கப்பலில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள், வைத்தியர்கள், கவிஞர்கள். அந்தக் கப்பலில் யார் சமைத்தார்கள், யார் கக்கூஸ் கழுவினார்கள், யார் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இதைச் சிநேகிதியிடம் ஒரு பகிடியாகத்தான் சொன்னேன்.

"நட்சத்திரத்துக்குப் போற கப்பலா? அதுல புள்ள குட்டி பொறக்குமா?" என்று கேட்டாள்.

"பொறக்கும். மூணு நாலு தலமொற போவணும்ல."

"அப்ப புள்ள காம்பரா ஒண்ணு இருக்கணுமே. யாரு பாத்துக்கிறா?"

அப்படித்தான் அவள் குழுவுக்குள் வந்தாள்.

அவளுக்கு அது நல்ல காலமில்லை. அதற்கு முந்திய வருடம்தான் அவள் புருஷன் இறந்திருந்தார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மெஷின் அவர் பொறுப்பு. ஒருநாள் விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றார், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. அடுத்தவர் பிள்ளைகளைப் பகல் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறவள் சாயங்காலம் வெறும் வீட்டுக்குப் போனாள்.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்குப் பெரட்டு கிடையாது. காலையில் ஆட்களைக் கூட்டி யார் எந்த மலைக்குப் போவது என்று வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அது நடக்காவிட்டால் வேலை இல்லை, அன்றைய பேரும் இல்லை, பேர் என்றால் நாள் சம்பளம். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமல்ல இது. பிணம் லயத்தில் கிடக்கும்போது கூடையை மாட்டிக்கொண்டு மலையேற யாருக்கும் கால் வராது, அவ்வளவுதான். துரைமாரும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

அவள் புருஷன் இறந்த அன்று பெரட்டு வைத்தார்கள். கொழுந்து நிறைந்து கிடந்த நேரம், ஒருநாள் விட்டால் முற்றிப்போகும் என்று புதிய நிர்வாகம் பிடிவாதமாக நின்றது. பாதிக்கு மேல் ஆட்கள் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் தொழிற்சாலை லயத்துக்கு நேர் கீழே இருந்தது. சாவு மேளமான தப்புச் சத்தத்தை விட அந்த எஞ்சின் சத்தம் பெரிதாகக் கேட்டது. சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் பென்ஷன் வாங்கிய கிழவர்கள் தோள் கொடுத்தார்கள். பாதி வழியில் கொழுந்து லொறி வந்து ஹோர்ன் அடித்தது, பெட்டியோடு நாங்கள் பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட்டோம். அந்த லொறிக்காரன் தலையை வெளியே நீட்டிப் பார்க்கக்கூட இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், கீழே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவரு ஓட்டுன மெசின் புள்ள அது. அவருக்காவ ஒரு நாளு நிப்பாட்டியிருக்கக் கூடாதா?"



குழுவில் அவளுக்கு இரண்டு பாத்திரங்கள் கிடைத்தன. ஒன்று, கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். மற்றது, எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் அந்தப் பெண்ணின் புருஷன். பகலில் பிள்ளைகள் ஏணையில் தூங்கும்போது காம்பரா வாசலில் உட்கார்ந்து போனில் எழுதுவாள். எஞ்சின் அறை ஆள் தலையில் துண்டைக் கட்டுகிற விதம், ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவது, சந்தோஷமாக இருந்தால் மூக்கைத் தேய்ப்பது, எல்லாம் எனக்குத் தெரிந்த மனிதர்தான். குழுவுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவள் எழுத்து மிகவும் பிடித்திருந்தது. என்ன ஒரு மண்வாசனை என்று மாறி மாறிப் புகழ்ந்தார்கள். மண்ணே இல்லாத ஆகாயத்தில் போகிற கப்பலில் மண்வாசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கனடாவில் இருந்த ஓர் அம்மா அந்த எஞ்சின் அறை ஆளைத் தன் சொந்தத் தம்பி போல நினைப்பதாக எழுதினார். சிநேகிதி அதை வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது கேட்டாள்.

"அந்தக் கப்பலு எஞ்சின நிப்பாட்டுனா என்னா ஆவும்? கீழ விழுந்துருமா?"

"அங்க மேல கீழன்னு ஒண்ணும் இல்ல. விழாது."

"அப்ப அப்புடியே நின்னுருமா?"

"நிக்காது. எஞ்சின நிப்பாட்டுனாலும் வந்த வேகத்துல போய்க்கிட்டே இருக்கும். தடுக்கிறதுக்கு அங்க காத்துகூட இல்ல."

"போற எடத்துக்கு ஒரு நாளு பிந்திப் போவாங்களா?"

"நாலு தலமொற போற பயணத்துல ஒரு நாளெல்லாம் ஒரு கணக்கா?"

"அப்ப எதுக்கு புள்ள நிப்பாட்ட மாட்டேங்கிறாங்க?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த எஞ்சின் அறை ஆளைச் சாக வைக்கப் போகிறாள். அவர் செத்த அன்று கப்பலில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் சாவு வீட்டுக்கு வருவார்கள். தோட்டத்தில் நடக்காததை ஆகாயத்திலாவது நடத்திப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவள் இவ்வளவு நாளாக எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. எஞ்சின் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் கப்பலில் இருப்பவர்களுக்குக் கால் தரையில் நிற்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியாகிவிட்டது. நிறுத்தினால் எல்லோரும் மிதப்பார்கள்.

"பொணமும் மெதக்குமா?"

"பொணமும்தான்."

"அப்ப பாரமே இருக்காதா?"

"இருக்காது."

"தூக்க ஆளு பத்தலங்கிற பேச்சே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "பாரமில்லாட்டியும் எல்லாரும் கை வைக்கணும் புள்ள. சும்மா மெதந்துகிட்டு வேடிக்க பாக்கக் கூடாது. அத நா எழுதிருவேன்."

விதிப்படி நடக்க வேண்டும் என்று சொன்னது நான்தான். பாத்திரம் அவளுடையது, சாக வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேப்டன் அடுத்தவர் ஆள், அவனைத் தொட வேண்டாம், எஞ்சின் அறை ஆட்களே நிறுத்தட்டும் என்றேன். பெரிய திருப்பத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி இருந்ததே, அதன்படி குழுவில் சொல்லிவிடு என்றேன். விதி என்றால் அதற்கு உள்ளே நிற்க வேண்டும் என்று நினைக்கிற சாதி நாங்கள். அவளும் பணிவாக ஒரு குறிப்பு எழுதிப் போட்டாள். எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர் இறந்துவிடுவார், அந்தத் துக்கத்துக்காகக் கப்பலில் ஒருநாள் எஞ்சினை நிறுத்தி எல்லோரும் அடக்கத்துக்கு வருவார்கள், இப்படி எழுதலாமா என்று.

ஒருங்கிணைப்பாளர் உடனே வந்துவிட்டார். எஞ்சின் நின்றால் கப்பல் நடுவெளியில் நின்றுவிடும், இது அறிவியல் பிழை, நம்முடைய விதிக்கு முரண் என்று எழுதினார். சரிபார்ப்பு என் வேலைதானே. நிற்காது, இயங்கும் பொருள் தடை இல்லாவிட்டால் இயங்கிக்கொண்டே இருக்கும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்று பதில் போட்டேன். எட்டாம் வகுப்பு என்று போட்டிருக்கத் தேவையில்லைதான், ஆனால் கை நிற்கவில்லை. அவர் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அறிவியல் சரியாக இருக்கலாம், வாசகருக்குப் புரியாது என்றார். புரிகிற மாதிரி எழுதலாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"டீச்சர், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா கேப்டன்ட உத்தரவு இல்லாம எஞ்சின நிப்பாட்டினா, அந்தக் கேப்டன் என்ன கேப்டன்?"

"ஒரு நாள் துக்கம்தானே சேர். செத்த வீடு."

"துக்கம் ஓகே. ஆனா வாசிக்கேக்க வேலைநிறுத்தம் மாதிரி வருது. எங்கட கதைக்குள்ள அரசியல் வேணாம் டீச்சர்."

எங்கட கதை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அப்போதே அவரிடம், அந்த ஆள் உண்மையில் யார், அவர் செத்த அன்று என்ன நடந்தது என்று போட்டு உடைத்திருப்பேன். சிநேகிதி முன்கூட்டியே என் வாயைக் கட்டியிருந்தாள்.

"அத மட்டும் சொல்லிறாத புள்ள" என்றிருந்தாள். "சொன்னா ஐயோ பாவம்னு நிப்பாட்டுவாங்க. பாவம் பாத்து நிப்பாட்டுனா அது அவருக்கு செஞ்ச மரியாதயா? செத்தது ஒரு எஞ்சின் ரூம் ஆளு. அது போதாதா நிப்பாட்டுறதுக்கு?"

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஒருங்கிணைப்பாளர் இறங்கி வந்த மாதிரிக் காட்டிக்கொண்டார். சரி, எழுதுங்கள், ஆனால் ஒரே அத்தியாயத்தில் எல்லாவற்றையும் போட வேண்டாம், நீளமாகிவிடும் என்றார். ஆட்கள் எஞ்சின் அறைக்குப் போவதோடு இந்த முறை நிறுத்திக்கொள்ளட்டும், எஞ்சின் நிற்பதையும் அடக்கத்தையும் அடுத்த முறை அவள் எழுதட்டும், வாசகருக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் சரி என்றாள்.

அந்த அத்தியாயம் மாதிரி ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை. சிநேகிதி என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆள் இறந்த செய்தி அறைக்கு அறை போகிறது. சமையலறையில் அடுப்பை அணைக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கிற பெண் தன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் ஒரு கையால் யாரோ ஒருவருடைய குழந்தையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், அது தூங்கினால்தான் அவளால் அழ முடியும். எஞ்சின் அறையில் வேலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் எழுந்து எஞ்சினை நிறுத்தும் இடத்துக்கு நடக்கிறார், மற்றவர்கள் பின்னால் போகிறார்கள். அங்கே விட்டிருந்தாள்.

அடுத்த முறை கனடா அம்மாவுடையது. அவருக்கு வீட்டில் ஏதோ விசேஷமாம். ஆகவே இடையில் ஓர் இணைப்பு அத்தியாயம் தானே எழுதுவதாக ஒருங்கிணைப்பாளர் அறிவித்தார். இணைப்பு அத்தியாயம் என்று விதிகளில் ஒன்றுமே இல்லை. நாங்கள் பேசாமல் இருந்தோம்.

அவர் எழுதியது வந்தது. எஞ்சின் அறை ஆட்கள் கையை நீட்டுகிறார்கள். அந்த நேரம் கப்பலின் வைத்தியர் ஓடி வருகிறார். நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்கும் புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாராம். ஊசி போடுகிறார், அந்த ஆள் கண்ணைத் திறக்கிறார். நீட்டிய கைகள் எல்லாம் கீழே இறங்குகின்றன, எஞ்சின் ஒரு கணமும் நிற்கவில்லை. கேப்டன் வந்து மனிதகுலத்தின் விடாமுயற்சி பற்றி ஒரு பேச்சுப் பேசுகிறான். மறுநாள் காலை அந்த ஆள் முன்னைவிட உற்சாகமாக எஞ்சின் அறையில் வேலைக்கு நிற்கிறார். அத்தியாயம் முடிகிறது.

குழு முழுக்கக் கைதட்டலும் பூவும்தான். கனடா அம்மா விசேஷத்துக்கு நடுவிலும் வந்து, என் தம்பியைக் காப்பாற்றினீர்கள், கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினார். எனக்கும் கண்ணீர் வந்தது, அது வேறு கண்ணீர். முன்னவர் எழுதியதை அழிக்கக்கூடாது என்பது விதி அல்லவா என்று கேட்டேன். அழிக்கவில்லையே டீச்சர், அவர் இறந்தது இறந்ததுதான், அதற்குப் பிறகுதான் உயிர் வந்தது என்றார். பாத்திரத்தின் சொந்தக்காரியிடம் சம்மதம் கேட்டீர்களா என்றேன். அதற்கு அவர் எழுதிய பதிலை அப்படியே சொல்கிறேன்: 'கொல்வதற்குத்தான் சம்மதம் வேண்டும் என்று விதி. உயிர் கொடுப்பதற்கு யாராவது மறுப்புச் சொல்வார்களா?' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

என்ன சொன்னாலும் ஒரு மனிதன் பிழைத்ததை எதிர்க்கிற கொடுமைக்காரி மாதிரித்தான் தெரிவேன். அவ்வளவு கெட்டித்தனமான வேலை.

அந்த வார விடுமுறை நாளில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். சிநேகிதி காம்பரா வாசலில் இருந்தாள், உள்ளே பிள்ளைகள் தூங்கின. அவள் அதுவரை வாசிக்கவில்லை, தோட்டத்துப் பக்கம் சிக்னல் இல்லாமல் இருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தது. நான் என் போனைக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை மெதுவாக வாசித்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்து அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இவரு கண்ணு முழிச்சதும் எங்க போறாரு?" என்று கேட்டாள்.

"வேலைக்கி."

"அது தெரியுது புள்ள. அதுக்கு முந்தி வூட்டுக்குப் போறாரான்னு கேக்குறேன். நாந்தான் படிக்காம விட்டுட்டேனா?"

போனை வாங்கி மறுபடி பார்த்தேன். எங்கும் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றியே ஒரு வரி இல்லை.

"இல்ல" என்றேன்.

"உசிரு குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, ஒரு நாளு வூட்டுல இருந்துட்டு வான்னு சொல்லத் தெரியல பாத்தியா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவ அங்க புள்ளைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவகிட்ட யாரும் சொல்லவே இல்ல."

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த முறை நீ எழுது, மறுபடி அவரைச் சாக வை, உன் ஆள்தானே, உனக்கு உரிமை இருக்கிறது, இந்தத் தடவை முதல் வரியிலேயே எஞ்சினை நிறுத்து என்று படபடவென்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னொரு தரமா? ஒரு தரம் பாத்தது போதும் புள்ள."

இந்தக் குழுவே வேண்டாம், ரெண்டு பேரும் வெளியே வந்துவிடுவோம் என்றேன். அந்த இடத்திலேயே நான் வெளியேறினேன். அவளும் தன் போனை எடுத்தாள். பிறகு கை நின்றது. விதிகளை அவள் என்னை விட ஒழுங்காக வாசித்தவள். குழுவை விட்டுப் போகிறவர்களின் பாத்திரங்கள் குழுவுக்குச் சொந்தம் என்று அதில் கடைசியில் ஒன்று இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"நா போயிட்டா அவரு அவுங்களுக்கா?"

"விதி அப்படித்தான் இருக்கு."

போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இன்னும் அவள் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். எழுதுவதில்லை. அவள் முறை வரும்போது தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏன் எழுதவில்லை என்றுகூட யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கதை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்று குழுவில் இருக்கிற வேறொருவர் சொன்னார். கேப்டனுக்குக் காதல் வந்துவிட்டதாம், கவிஞர் ஒருவருக்கு மகள் பிறந்திருக்கிறாளாம். அவள் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். அதைப் புத்தகமாகப் போடப் போவதாகவும் கேள்வி, எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயரும் இருக்குமாம். நான் அதையெல்லாம் அவளிடம் பேசுவதில்லை.

போன விடுமுறைக்குப் போயிருந்தேன். அவள் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதையாவது பேச வேண்டுமே என்று, கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மூக்கைத் துடைத்து முடித்து, பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவரு இன்னிக்கும் வேலைக்கித்தான் போயிருக்காரு."